அம்மா வீட்டுக்கு லித்தியம், அக்கா வீட்டுக்கு ட்யூபுலர்: ஒரு இன்வெர்ட்டர் பேட்டரிக் கணக்கு

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்தில் அம்மா வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போன சித்திரையில் படுத்துவிட்டது. அதே மாதம் அக்கா சென்னை வேளச்சேரியில் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோனாள். அங்கேயும் ஒரு பேட்டரி வேண்டும். இரண்டு வீட்டுக்கும் விசாரித்து வாங்கும் வேலை என்னிடம் வந்தது. ஏறி இறங்கிய கடைகளில் ஆளுக்கொரு விலை, ஆளுக்கொரு வாரண்டி. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "சிட்டி வீட்டுக்கு லித்தியம் போடுங்க சார், கிராமத்துக்கு ட்யூபுலரே தாராளம்." (ட்யூபுலர் என்பது தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் ஈய அமிலப் பேட்டரி.)

கணக்குப் போட்டுப் பார்த்தபின் நான் அதற்கு நேர் எதிராகச் செய்தேன். பேட்டரிக் கடைக்குப் போகும் முன் வோல்டேஜ், ஆம்பியர், ஏஹெச் இந்த மூன்றும் என்ன சொல்கின்றன என்று புரிந்துகொண்டால் யாரும் இந்தக் கணக்கைப் போடலாம். பள்ளிக்கூடத்து இயற்பியலுக்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

12.5 வோல்ட் காட்டிய செத்த பேட்டரி

நாம் மின்சாரத்தை மொத்தமாகக் 'கரண்ட்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கரண்ட் போச்சு, கரண்ட் வந்துச்சு, கரண்ட் பில். ஆனால் சாயங்காலம் மோட்டார் ஓடும் நேரத்தில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால், படிக்காத பாட்டி கூட 'லோ வோல்டேஜ்' என்று சரியாகச் சொல்லிவிடுவார். அதாவது மின்சாரம் இருக்கிறது, தள்ளும் விசை குறைந்திருக்கிறது. அந்தத் தள்ளும் விசைதான் வோல்டேஜ், மின்னழுத்தம். அந்தத் தள்ளலால் கம்பியில் உண்மையில் ஓடுவது எவ்வளவோ அது கரண்ட், மின்னோட்டம், ஆம்பியரில் அளப்பது. ஓட விடாமல் மறிப்பது மின்தடை, ஓமில் அளப்பது. (செய்தித்தாளில் 'நாளை மின்தடை' என்று வருவது வேறு. பாடப்புத்தகத்துக்கும் பேப்பருக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது.) வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். ஜார்ஜ் ஓம் 1827-இல் எழுதி வைத்தது இன்றைக்கும் அப்படியே வேலை செய்கிறது.

அம்மா வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பேட்டரி பார்க்க வந்த பையன் மல்ட்டிமீட்டரை இரண்டு முனையிலும் வைத்தான். 12.5 காட்டியது. "பேட்டரி நல்லாத்தான் இருக்குண்ணே, இன்வெர்ட்டர்ல போர்டு போயிருக்கும்" என்றான். எனக்குச் சந்தேகம். மெயினை அணைத்துவிட்டு இரண்டு ஃபேன், டிவி, விளக்கு எல்லாவற்றையும் இன்வெர்ட்டரில் ஓடவிட்டு, மீட்டரை எடுக்காமல் பிடிக்கச் சொன்னேன். 12.5 என்று இருந்தது 11.6, 11.1, 10.7 என்று கண்ணெதிரே இறங்கி, இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தி நின்றது. மூன்று நிமிடம் கூட ஆகவில்லை. சுமையை எடுத்ததும் மீட்டர் மறுபடி 12-க்கு மேல் ஏறி நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் செல் எட்டை வரிசையாக அடுக்கினாலும் 12 வோல்ட் வரும். மீட்டரைப் பொறுத்தவரை அதுவும் இந்த அறுபது கிலோ பேட்டரியும் ஒன்றுதான். ஃபேனை மாட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம். ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளேயே கொஞ்சம் தடை உண்டு. ஆம்பியர் ஓட ஓட, வோல்டேஜில் ஒரு பங்கை அது உள்ளேயே விழுங்கிவிடும். நல்ல பேட்டரியில் அந்தச் சுமைக்குக் கால் வோல்ட், மிஞ்சினால் அரை வோல்ட் இறங்கும். அம்மா வீட்டுப் பேட்டரியில் 1.8 வோல்ட் இறங்கியது. ஓடிய கரண்ட் சுமார் 22 ஆம்பியர். வகுத்தால் 0.08 ஓம். கேட்க அற்பமாக இருக்கிறது. ஒரு பேட்டரியைக் கொல்ல அது போதும்.

ஆகவே பழைய பேட்டரியை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் சும்மா இருக்கும்போது வோல்டேஜ் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சுமையோடு பாருங்கள்.

வீட்டுக்குள் 1 ஆம்பியர், பேட்டரியில் 22

அந்த 22 ஆம்பியர் எங்கிருந்து வந்தது? அம்மா வீட்டில் கரண்ட் போனால் ஓடுவது: 75 வாட் ஃபேன் இரண்டு, 9 வாட் எல்இடி பல்பு மூன்று, 50 வாட் டிவி. கூட்டினால் 227. கணக்குக்கு 230 வாட் என்று வைத்துக்கொள்வோம். வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது. நம் வீட்டு லைன் 230 வோல்ட். அப்படியானால் அம்மா வீடு மொத்தமும் ஓட ஒரே ஒரு ஆம்பியர் போதும்.

ஆனால் பேட்டரி 12 வோல்ட்தான். அதே 230 வாட்டை அங்கிருந்து எடுக்க 19 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டர் தன் பங்குக்கு நூற்றுக்குப் பதினைந்து அளவுக்குச் சூடாக்கி வீணாக்கும். ஆக 270 வாட், 22 ஆம்பியருக்கு மேல். அதே வாட் வேண்டும் என்றால், தள்ளும் விசை குறையும்போது ஓடும் அளவு கூடித்தான் ஆக வேண்டும். ஃபேனுக்குப் போகிற கம்பி அத்தனை மெல்லியதாக இருக்க, இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் இடையே இருக்கும் கம்பி மட்டும் சுண்டு விரல் தடிமனில் இருப்பது இதனால்தான். கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடு நான்கு மடங்காகும். அந்தக் கம்பியை நீட்டித்துப் பேட்டரியைத் தூரமாக வைக்கச் சொல்லி யாரும் எலக்ட்ரீஷியனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். முனைத் திருகு தளர்ந்திருந்தாலும் அங்கேதான் சூடேறும்.

பெரிய வீடு, ஆயிரம் வாட்டுக்கு மேல் சுமை என்றால் 24 வோல்ட் இன்வெர்ட்டர் வாங்குவது இதே காரணத்துக்காக. இரண்டு பேட்டரியை வரிசையாகக் கோத்தால் வோல்டேஜ் இரட்டிப்பாகி ஆம்பியர் பாதியாகும். பக்கவாட்டில் இணைத்தால் வோல்டேஜ் அதே 12, ஏஹெச் இரட்டிப்பு. எப்படிக் கோத்தாலும் உள்ளே இருக்கும் மொத்தம் ஒன்றுதான். பழையதும் புதியதுமாக மட்டும் சேர்த்துக் கோக்கக் கூடாது. பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

150 ஏஹெச் என்று எழுதியிருப்பது

ஏஹெச் என்பது ஆம்பியர் பெருக்கல் மணி. 150 ஏஹெச் பேட்டரி 12 வோல்ட்டில் 1,800 வாட்-மணி, கிட்டத்தட்ட ஈபி கணக்கில் 1.8 யூனிட். அதை 230 வாட்டால் வகுத்துவிட்டுக் கடைக்காரர் "எட்டு மணி நேரம் நிக்கும் சார்" என்கிறார். அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பேட்டரி மேல் சிறிய எழுத்தில் 'சி20' என்று போட்டிருப்பதைச் சொல்லாமல் விடுகிறார், அவ்வளவுதான்.

சி20 என்றால், 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் 150 கிடைக்கும் என்று பொருள். அதாவது 7.5 ஆம்பியர் வீதம். நாமோ 22 எடுக்கிறோம். ஈய அமிலப் பேட்டரியில் வேகமாக எடுக்க எடுக்க, கிடைக்கும் மொத்தமே குறையும். உள்ளே தகட்டின் ஆழத்துக்கு அமிலம் போய்ச் சேர நேரம் வேண்டும், நாம் அதற்கு அவகாசம் கொடுப்பதில்லை. 22 ஆம்பியரில் 150 ஏஹெச் பேட்டரி சுமார் 110 ஏஹெச்தான் தரும். எட்டு மணி நேரம் ஐந்தைக் கூடத் தொடாது. அதுவும் புதுப் பேட்டரியை அடிவரை வழித்தெடுத்தால். தினமும் அடிவரை வழித்தால் ஆயுள் சீக்கிரம் முடிந்துவிடும். பாதியோடு நிறுத்துவதுதான் அதற்கு நல்லது. அப்படியானால் இரண்டரை மணி நேரம்.

எட்டு என்று கேட்டு வாங்கியவருக்கு இரண்டரை கிடைக்கும்போது ஏமாந்த மாதிரி இருக்கும். கணக்கு தெரிந்து வாங்கியவருக்கு அது எதிர்பார்த்ததுதான்.

கடையில் இருப்பவை

ஃப்ளாட் பிளேட் பேட்டரி விலை குறைவு, ஆயுளும் குறைவு. அடிக்கடி கரண்ட் போகும் வீட்டுக்கு வேண்டாம். கார் பேட்டரியை இன்வெர்ட்டருக்கு மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் தகடுகள் மெல்லியவை, வண்டி கிளம்பும் சில நொடிக்குச் சில நூறு ஆம்பியர் தருவதற்காகச் செய்தவை. மணிக்கணக்காக ஃபேன் ஓட்டினால் சில மாதத்தில் போய்விடும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத எஸ்எம்எஃப் சுத்தமானது, ஆனால் நம் வெயிலில் ட்யூபுலர் அளவுக்கு நீடிப்பதில்லை. இந்த மூன்றையும் நான் முதல் நாளே தள்ளிவிட்டேன். மிச்சம் ட்யூபுலர், லித்தியம்.

ட்யூபுலரும் ஈய அமிலப் பேட்டரிதான். 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளான்ட்டே கண்டுபிடித்த அதே ஈயத் தகடு, அதே கந்தக அமிலம். வித்தியாசம், நேர்மின் தகட்டின் ஈய ஆக்சைடுப் பொடியைச் சிறு சிறு குழாய் உறைக்குள் அடைத்திருப்பார்கள். பொடி உதிர்ந்து அடியில் சேராது, அதனால் ஆயுள் கூடும். எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும், பழசைக் கொடுத்தால் ஈயத்துக்காக எடைபோட்டு எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கடைசி விஷயம் சின்னதல்ல. அம்மா வீட்டுப் பழைய பேட்டரிக்கு நாலாயிரம் ரூபாய் கழித்தார்கள்.

அதைக் கொல்வது இரண்டு. ஒன்று சூடு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. மொட்டை மாடி அறையிலும் வெயில் விழும் பால்கனியிலும் வைக்காதீர்கள். இன்னொன்று அரை வயிறு. பேட்டரி காலியாகும்போது தகடுகளில் ஈய சல்ஃபேட் படியும், அமிலம் நீர்த்துப் போகும். சார்ஜ் ஏறும்போது அது திரும்பக் கரையும். முழுதாகச் சார்ஜ் ஏற 10, 12 மணி நேரம் வேண்டும். அதற்குள் மறுபடி கரண்ட் போய், மறுபடி எடுத்து, மறுபடி பாதியில் விட்டு என்று நாள்கணக்கில் போனால், கரையாத சல்ஃபேட் கெட்டியாகிக் கல்லாகிவிடும். அம்மா வீட்டுப் பேட்டரி மூன்றே வருடத்தில் போனது இப்படித்தான். பாதி செல்லில் தண்ணீர் மட்டம் தகட்டுக்குக் கீழே இருந்தது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எழுபது வயதில் மிதவைக் குச்சியைக் குனிந்து பார்த்து, ஆறு மூடியையும் திருகித் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற யாரால் முடியும்? ஒரு முறை அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பையன் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறான். எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அது பேட்டரிக்கு விஷம்.

லித்தியம் என்று வீட்டு இன்வெர்ட்டருக்கு விற்பது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட், சுருக்கமாக எல்எஃப்பி. கைபேசியில் இருக்கும் லித்தியம் வேறு வகை. எல்எஃப்பி எளிதில் தீப்பற்றாது, அதனால் வீட்டுக்குள் வைக்க அதுதான் ஏற்றது. வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு இதை வெளியிட்டது. லித்தியம் பேட்டரிகளுக்கான 2019 நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவர் அவர். அப்போது அவருக்கு வயது 97.

ஒரு எல்எஃப்பி செல் 3.2 வோல்ட். நான்கு கோத்தால் 12.8. 100 ஏஹெச் என்றால் 1,280 வாட்-மணி. பேப்பரில் பார்த்தால் ட்யூபுலரின் 1,800-ஐ விடக் குறைவு. ஆனால் வேகமாக எடுத்தாலும் இதன் அளவு அவ்வளவாகக் குறையாது, தொண்ணூறு சதவீதம் வரை எடுத்தாலும் கெடாது. அதே 270 வாட்டுக்கு நான்கேகால் மணி நேரம். 150 ஏஹெச் ட்யூபுலரை அடிவரை வழித்தால் கிடைப்பதற்குக் கிட்டத்தட்ட சமம். இரண்டு, மூன்று மணி நேரத்தில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், இன்வெர்ட்டர் அவ்வளவு ஆம்பியர் கொடுத்தால். அரை வயிற்றில் விட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, சொல்லப்போனால் அதற்கு அதுதான் பிடிக்கும். தண்ணீர் வேண்டாம். பன்னிரண்டு கிலோதான். பழைய ட்யூபுலரைத் திண்ணையிலிருந்து இறக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. புது லித்தியத்தை நான் ஒரு கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன்.

எனக்குச் சொன்ன விலை: ட்யூபுலர் பதினாறாயிரம், லித்தியம் முப்பத்து நாலாயிரம். வாரண்டி அட்டையில் '36+24' என்று இருந்தால் அறுபது மாதம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் 36 மாதம்தான் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் ஒரு தள்ளுபடி மட்டும்.

பேட்டரிக் கடையில் விற்காத பேட்டரி

இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்தப் பேட்டரிக் கடையிலும் என்னிடம் இதைச் சொல்லவில்லை. 75 வாட் ஃபேனைக் கழற்றிவிட்டு 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் மாட்டுவது.

அம்மா வீட்டில் இரண்டு ஃபேனையும் மாற்றினேன். 227 வாட் 137 ஆனது. பேட்டரியிலிருந்து எடுப்பது 22 ஆம்பியரிலிருந்து 13-க்குச் சொச்சம். அக்கா வீட்டுச் சுமையும் கிட்டத்தட்ட இதேதான், டிவிக்குப் பதில் வைஃபையும் லேப்டாப்பும். 13 ஆம்பியரில் மெதுவாக எடுப்பதால் ட்யூபுலர் 110-க்குப் பதில் 125 ஏஹெச் தரும். ஐந்து மணி நேரம் கூட நிற்காதது ஒன்பதைத் தாண்டும். சுமையைக் குறைத்தது நாற்பது சதவீதம், நேரம் கூடியதோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. லித்தியத்தில் நான்கேகால் என்பது ஏழு மணி நேரமாகும். டிவியை அணைத்துவிட்டால் பத்தைத் தாண்டும். இரண்டு ஃபேனின் விலை இன்னொரு பேட்டரி விலையில் பாதி கூட ஆகவில்லை. கரண்ட் இருக்கும்போது பில்லும் குறைகிறது.

ஈபி கரண்ட் போல வழுவழுப்பான அலையாக இல்லாமல் கட்டம் கட்டமாகத் தரும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு ஃபேனை மாட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள். ப்யூர் சைன் வேவ் என்றால் கவலை இல்லை.

அம்மாவின் காலண்டர்

முடிவுக்கு வழி காட்டியது அம்மா. கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில், கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொல்லியிருந்தேன். "எத்தனை நேரம்னும் எழுதணுமா தம்பி?" என்று கேட்டு, எழுதியும் வைத்தார். கிழித்த தாள்களைப் பால் கவரில் சேர்த்து வைத்திருந்தார். மே மாதத்தில் 43 கோடுகள். பெரும்பாலும் பத்து நிமிடம், இருபது நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்பது முறை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை ஒரு நாள்.

அக்காவையும் எழுதச் சொன்னேன். மூன்று மாதத்தில் ஏழு முறை. அதில் ஒன்று பராமரிப்பு நாள், எட்டு மணி நேரம். மற்றவை காபி ஆறுவதற்குள் வந்துவிட்டன.

இப்போது கணக்கு தானாக விழுந்தது. அக்கா வீட்டுப் பேட்டரி வருடத்தில் முப்பது முறை கூட வேலை செய்யாது. ஆனால் வேலை வரும் நாளில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மூவாயிரம் முறை தாங்கும் லித்தியத்தை அங்கே வைத்து என்ன செய்வது? எண்ணிக்கை முடியும் முன் வயதாகிவிடும். எப்போதாவது ஒரு நாள் அடிவரை எடுத்தால் ட்யூபுலருக்கும் பெரிய கேடில்லை. மற்ற நாளெல்லாம் அது முழுச் சார்ஜில் உட்கார்ந்திருக்கும், சல்ஃபேட் கட்ட வாய்ப்பில்லை. நிழலான யுட்டிலிட்டி பால்கனி இருக்கிறது, சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் வெளியே போய்விடும். அக்கா கைபேசியில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் பார்க்கும் நினைவூட்டலும் வைத்துவிட்டாள். சரி, ட்யூபுலர்.

அம்மா வீடு தலைகீழ். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, முழுதாக ஏற விடாமல் மறுபடி எடுப்பது, தண்ணீர் ஊற்ற ஆளில்லாதது. ட்யூபுலருக்கு எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் அங்கே ஒன்றாக இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒரு ட்யூபுலர் என்றால், பழசின் விலையைக் கழித்து வருடத்துக்கு நாலாயிரம். லித்தியம் எட்டு வருடம் வந்தால் அதுவும் வருடத்துக்கு ஏறக்குறைய அதே. பணத்தில் சரிக்குச் சரி. அப்புறம் என்ன, அம்மா குனிய வேண்டாம் என்ற ஒன்றே எனக்குப் போதும். கிராமம், நகரம் என்று பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. கரண்ட் எத்தனை முறை போகிறது, போனால் எத்தனை நேரம் போகிறது என்ற இரண்டு எண்கள் வேண்டும்.

லித்தியத்தில் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். பழைய இன்வெர்ட்டரோடு அப்படியே மாட்டிவிட முடியாது. ஈய பேட்டரிக்குச் சில இன்வெர்ட்டர்கள் அவ்வப்போது வோல்டேஜை 15-க்கு மேல் ஏற்றும். எல்எஃப்பிக்கு 14.6 தான் எல்லை. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் பேட்டரியைத் துண்டித்துவிடும். அம்மா வீட்டு இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கென்று தனி சார்ஜ் செட்டிங் இருந்ததால் தப்பித்தேன். இல்லையென்றால் இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும், கணக்கே மாறிவிடும். மாட்டிய பிறகு முதல் சார்ஜ் முடியும் நேரத்தில் மீட்டர் வைத்துப் பாருங்கள். நான் பார்த்தேன், 14.3-இல் நின்றது.

மோதிரத்தைக் கழற்றிய எலக்ட்ரீஷியன்

புதுப் பேட்டரி மாட்ட வந்த அண்ணன் திருப்புளியை எடுக்கும் முன் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார், ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றினார். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காதே என்று கேட்டேன். "ஷாக் அடிக்காது தம்பி, சுட்டுடும்" என்றார்.

அவர் சொன்னது அத்தனையும் ஓம் விதி. உலர்ந்த தோலின் தடை ஆயிரக்கணக்கான ஓம். 12 வோல்ட்டால் அதற்குள் உறைக்கும் அளவுக்குக் கரண்டைத் தள்ள முடியாது. ஆனால் ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு முனையையும் ஒரு சேரத் தொட்டுவிட்டால் வழியில் தடையே இல்லாத மாதிரி. நூற்றில் ஒரு பங்கு ஓம் என்று வைத்தாலும் ஆயிரத்து இருநூறு ஆம்பியர். உலோகம் நொடியில் பழுத்துவிடும். அதே வீட்டில் இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவது 230 வோல்ட். கரண்ட் போயிருக்கிறது என்று நம்பி சுவிட்ச் போர்டில் கை வைக்கிறவர்களுக்கு அது ஈபி கரண்ட் மாதிரியே அடிக்கும், உயிரையும் எடுக்கும். ரிப்பேர் பார்க்கும்போது மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்.

கஜாவுக்குப் பிறகு

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் கரண்ட் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் போட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்ட மின்வாரிய ஊழியர்கள் வந்து வயல் சேற்றில் கம்பத்தைச் சுமந்து நட்டும், எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. முதல் நாள் இரவோடு பேட்டரி முடிந்துவிட்டது. அதன் பிறகு அது ட்யூபுலரா லித்தியமா என்பதில் என்ன இருக்கிறது? நிரப்ப வழியில்லாதபோது இரண்டும் வெறும் பெட்டி.

அதனால் அம்மா வீட்டுக்கு ஒரு சோலார் பேனல் போடப் போகிறேன். 335 வாட் ஒன்றே போதும். நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் தரும். ஒரு ஃபேன் இரவு பத்து மணி நேரம், மூன்று பல்பு ஐந்து மணி நேரம், கைபேசி சார்ஜ், எல்லாம் சேர்த்து அரை யூனிட் அளவுதான் வரும். மேகமூட்டமான நாளிலும் சமாளிக்கலாம்.

இதிலும் வோல்ட், ஆம்பியர் தெரியாமல் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்தப் பேனல் 38 வோல்ட்டில் 8.8 ஆம்பியர் தரும். பேட்டரி 13 வோல்ட்டில் இருக்கிறது. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் வைக்க வேண்டும். அதில் மலிவான பிடபிள்யூஎம் வகை, பேனலை நேராகப் பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்துவிடும். ஆம்பியர் அதே 8.8, வோல்ட் 13. பெருக்கினால் 115 வாட். மூன்றில் இரண்டு பங்கு போச்சு. எம்பிபிடி கன்ட்ரோலர் கூடுதலாக இருக்கும் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும், நல்ல வெயிலில் 24 ஆம்பியர் வரை. விலை கூடுதல்தான். ஆனால் பேனலுக்குக் கொடுத்த காசில் மூன்றில் இரண்டை வெயிலிலேயே விட்டுவிடுவதற்கு இது மேல். லித்தியம் செட்டிங் அதிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீடு ஓட்டு வீடு, கூரைமேல் பேனல் வைக்க முடியாது. கொல்லையில் இரும்புச் சட்டம் அடித்து நிறுத்தலாம் என்று அளவெடுத்து வந்திருக்கிறேன். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மொத்தமும் குறையும் என்பதால், காலையிலிருந்து மாலைவரை நிழல் படாத இடமாகத் தேடினேன். கிணற்றடியில் ஒன்று இருக்கிறது. அங்கே முன்பு நான்கு தென்னை நின்றன. அப்பா வைத்தவை. கஜாவில் நான்கும் போய்விட்டன.